கோப்ரல் மாரிமுத்துவுக்கு வெட்டிய இரண்டு குழிகள்

போன கிழமை நிரோஷா போன் எடுத்தாள். ஹட்டனில் நான் வேலை பார்த்த மலர்ச்சாலையில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பெண் அவள்.

"அக்கா, ஆமி பென்சன்காரர் ஒருத்தரு தவறிட்டாரு. படைவீரர் மயானத்துலதான் அடக்கம் செய்யணும்னு வீட்டாளுங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. நீங்க அந்த டயகம கேஸ் செஞ்சீங்கல்ல, எங்கேருந்து தொடங்குறது?"

டயகம என்ற தோட்டத்துப் பேரைச் சொன்னதுதான் தாமதம், நான் எழுந்து நின்றுவிட்டேன். போனில் பேசுகிறவள் எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? எனக்கே தெரியாது. குரலும் உயர்ந்திருக்க வேண்டும், மருமகள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னாங்க அத்த, யாருக்கு என்ன?" என்று பதறினாள். யாருக்கும் ஒன்றுமில்லை. எனக்குத்தான் குஷி தாங்கவில்லை. நான் பேசப் பேச நிரோஷாவின் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. மறுபடி எடுத்து, "எல்லாத்தையும் எழுதிக் குடுத்துருங்க அக்கா, நாங்க புதுசா வந்த ஆளுங்க வாசிச்சுக்கிறோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சாவு வேலையைப் பற்றி எழுதும்போது குஷி என்கிறாளே என்று யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். எங்கள் நாட்டில் மலர்ச்சாலை என்றால் பூ விற்கிற இடமல்ல. பெட்டி, ஊர்தி, உடலைப் பதப்படுத்துவது, உடுத்துவது, அடக்கத்துக்கான அலுவல்கள் என்று எல்லாவற்றையும் பார்த்துக் கொடுக்கிற இடம். கலியாண மண்டபத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு நாள் பிந்தினால் மறுநாள் முகூர்த்தம் பார்க்கலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. எல்லாம் இன்றைக்கே, இப்போதே. அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமலா இத்தனை வருடம் இருந்தேன்?

நான் றொசல்லக்காரி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்து, கான்வென்டில் தையல் படித்து, ஹட்டனுக்கு வேலை தேடி வந்தேன். கிடைத்த முதல் வேலை சவப்பெட்டிக்குள் சாட்டின் துணியைச் சுருக்கு வைத்துத் தைத்து அடிப்பது. அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு என் தையலைப் பார்க்க ஒருநாள் வந்து, "கலியாண ஜாக்கெட்டுக்குக் கூட இவ்வளவு அழகா யாரும் தைக்க மாட்டாங்கடி" என்று சொல்லிவிட்டுப் போனார். தையல் மேசையிலிருந்து உடுத்துகிற அறைக்குப் போனேன், அங்கிருந்து அலுவலக மேசைக்கு. படித்த பாடங்களில் முக்கியமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோட்டத்துச் சாவு என்றால் முதலில் ஆளை அளக்காதே, லயத்துக் கதவை அள. இஸ்தோப்பில், அதுதான் குறுகிய முன் திண்ணையில், பெட்டி திரும்பாது. கதவை அளக்காமல் பெரிய பெட்டியோடு போய், கடைசியில் கதவு நிலையைப் பெயர்த்தெடுத்த கதையெல்லாம் எங்களிடம் உண்டு.

எங்கள் முதலாளி குசுமா நோனா. புருஷன் செத்த பிறகு மலர்ச்சாலையை எடுத்து நடத்திய சிங்களப் பெண்மணி. எப்போதும் வெளிறிய சேலை, கையில் குடை, வாயில் ஒரு கிராம்பு. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. உடல் இருக்கிற அறைக்குள் போகுமுன் கதவைத் தட்டுவார். உள்ளே பேச ஆளே இல்லாவிட்டாலும் தட்டிவிட்டு ஒரு கணம் நிற்பார். செத்தவர் ஆணென்றால் 'மாத்தயா', பெண்ணென்றால் 'நோனா'. தோட்டத்து ஆளோ தொரையோ, அதில் வித்தியாசம் கிடையாது. "மாத்தயா, கையைக் கொஞ்சம் தூக்குறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குவார். முதலில் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு நானும் அப்படியே பேசத் தொடங்கினேன். வீட்டுக்காரர்கள் வந்தால் முதலில் தேத்தண்ணி. அவர்கள் கோப்பையை வைக்கும்வரை ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது. நான் அவசரக்காரி, வாய் துறுதுறுவென்று இருக்கும். நோனா மேசைக்கடியில் என் காலை மிதிப்பார்.

இனி நிரோஷா கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நுவரெலியா போகிற வழியில் மேட்டுப்பக்கம் இருக்கிற படைவீரர் மயானம் அரசாங்கத்தின் இடம். செத்தவர் தன் காலத்தை முழுதாகச் சேவை செய்து முறையாக விலகியவராக இருக்க வேண்டும். பாதியில் ஓடிப்போனவருக்கு அங்கே இடமில்லை. இடம் கேட்கிறவர் மனைவி, இல்லையென்றால் பிள்ளை. அவர்கள் இருக்கும்போது வேறு யார் கேட்டாலும் எடுபடாது. பிறகு அவர் இருந்த படைப்பிரிவு ஆம் என்று சொல்ல வேண்டும். அந்த ஆம் வரும்வரை நாங்கள் ஓடுகிற ஓட்டமெல்லாம் சும்மா. வந்துவிட்டால் மயானக் காவலாளி குழி வெட்டுவார். எல்லாக் குழியும் ஒரே நீளம், ஒரே வரிசை, ஒரே பக்கம் தலை. எங்கள் ஐயர் இந்தப் பக்கம் சொன்னார், பூசாரி அந்தப் பக்கம் சொன்னார் என்று பேச்சே கிடையாது. பெட்டியின் மேல் தேசியக் கொடி, கம்பத்தில் கட்டுகிற பக்கம் தலைமாட்டில். கொடிக்கு மேலே தொப்பியும் பதக்கமும் தவிர ஒரு பூ இதழ்கூட வைக்கக்கூடாது. கொடி தரையில் படக்கூடாது. மேளம் இல்லை. சமயச் சடங்குக்குக் கொஞ்ச நேரம் உண்டு. அப்புறம் பியூகிள் எக்காளம் ஊதுவார்கள். பெட்டியை இறக்குமுன் கொடியை எடுத்து மடித்து மனைவி கையில் கொடுப்பார்கள். முடிந்தது.

எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

டயகம கேஸ் ஒரு காலைப்பொழுதில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியது. நரைத்த கொண்டை, மேலே ஸ்வெட்டர், கையில் கடைப் பை. பைக்குள் பொலித்தீனில் சுற்றிய ஆமித் தொப்பி.

"கோப்ரல் மாரிமுத்து பொஞ்சாதி நான். பேரு பாக்கியம்" என்றார்.

நோனா தேத்தண்ணி வரவழைத்தார். பாக்கியம் கோப்பையைத் தொடவே இல்லை. நேரே பேச ஆரம்பித்துவிட்டார், அதுவும் சிங்களத்தில். ஆமிக் குவாட்டர்சில் இருந்து பழகிய சிங்களம், என்னுடையதைவிடச் சுத்தம். பிறகு என் கழுத்துச் சிலுவையையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"நேத்து தோட்டத்து ஆஸ்பத்திரியில முடிஞ்சுருச்சுங்க. அவரு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாரு, 'என்னைய எங்காளுங்களோட போடு பாக்கியம்'னு. எங்காளுங்கன்னா ஆமிக்காரங்க. அது நடக்கணும். ஆனா தோட்டத்துச் சனமும் வரணும். சனம் இல்லாம பெட்டி மட்டும் போனா அது அநாதப் பொணங்க. எனக்கு ரெண்டும் வேணும்."

"தோட்டத்துல என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன். மேசைக்கடியில் நோனா என் காலை மிதிக்கவில்லை.

"வர மாட்டாங்களாம். அங்கேயே குழி வெட்டிட்டாங்க."

நோனா பாதிக் கோப்பைத் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். அத்தனை வருடத்தில் அவர் குடித்து முடிக்காமல் வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. ஒரு ஆள், இரண்டு குழி, நடுவில் நாங்கள்!

மாரிமுத்து தோட்டத்து லொறி ஓட்டியவர். தோட்டத்துச் சனத்தில் இளம் வயதிலேயே பிரஜாவுரிமை, நாட்டுக் குடியுரிமை, கிடைத்த கொஞ்சப் பேரில் ஒருவர். ஆமியில் சாரதியாகச் சேர்ந்தார். கோப்ரலாக விலகி வந்து, பாக்கியத்தின் பேரில் இருந்த லயக் காம்பராவிலேயே, அந்த ஒற்றை அறையிலேயே, கடைசிவரை இருந்தார். பிள்ளைகள் இல்லை. யுத்தம் நடந்த கெட்ட காலத்தில் நம் இளைஞர்களை ஆமி சுற்றிவளைத்துப் பிடித்துக்கொண்டு போனது அல்லவா, அப்போது அவருடைய தங்கச்சி அஞ்சலையின் மகனையும் பிடித்தார்கள். பையன் மாதக்கணக்காக உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தான். "ஆமியில இருக்கிற அண்ணன் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்க" என்பது அஞ்சலையின் முடிவு. லொறி ஓட்டுகிற ஒரு தமிழ்க் கோப்ரலின் வார்த்தைக்கு அந்த நாளில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று பாக்கியம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அஞ்சலை அன்றோடு அண்ணனிடம் பேச்சை விட்டவர், பக்கத்து லயத்தில் இருந்துகொண்டே கடைசிவரை பேசவில்லை. தோட்டத்தில் பலருக்கும் அதே மனக்கசப்பு. நேரில் மரியாதை, முதுகுக்குப் பின்னால் 'ஆமிக்காரன்'. ஆனாலும் செத்தபின் தங்கள் மண்ணில் புதைக்காமல் அந்த ஆமிக்காரர்களிடம் கொடுப்பதா என்று ரோஷம் வந்துவிட்டது. வீம்புதான், ஆனால் அந்த வீம்பிலும் ஒரு பாசம் இருந்தது.

நோனா படைப்பிரிவுக்குப் போன் எடுத்தார். ஒரு இடத்தில் இன்னொரு இடத்துக்கு எடுக்கச் சொன்னார்கள், அந்த இடத்தில் முதல் இடத்துக்கே எடுக்கச் சொன்னார்கள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். நோனா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, ஒரு சொல்லும் மாறாமல், அதே குரலில் சொன்னார். கடைசியில் ஒரு இளம் கப்டன் அவரே திருப்பி எடுத்தார். ஆம்! சேவை முழுமை, விலகல் முறையானது, இடம் உண்டு. நாளைப் பின்னேரம் பெட்டி தூக்க ஆறு வீரர்கள், ஒரு பியூகிள்காரர், கொடி எல்லாம் வரும். நான் கை தட்டிவிட்டேன். பாக்கியம் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். முதல் குழி கிடைத்துவிட்டது. இனி மற்றக் குழியை என்ன செய்வது?

ஊர்தியை எடுத்துக்கொண்டு மூவரும் டயகமவுக்குப் போனோம். மழை. வளைவுக்கு வளைவு மண் சரிந்து கிடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த உடலை லயத்துக்குள் கிடத்தி, முற்றத்தில் தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். தோட்டத்துத் தலைவர் ராமையா, தொழிற்சங்கத்தை நடத்துகிறவர், மம்பட்டி பிடித்த இளைஞர்களோடு நின்றார்.

"நோனா, ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்ல. ஆனா குழி வெட்டியாச்சு. வெட்டுன குழிய சும்மா மூடக்கூடாது. வாயத் தொறந்த குழி ஒரு ஆளக் கேக்கும். நாளைக்கு ஒரு பச்சப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். இது ஒரு காரணமா என்று நோனா கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குடையை மடக்கி, பந்தலுக்குள் வந்து, தலைவருக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

"அது சரிதான், குழியைச் சும்மா மூடக்கூடாது" என்றார். "முந்தி எப்போதாவது இப்படி ஆகியிருக்கா? வெட்டியபின் ஆள் வேறு இடத்துக்குப் போனது?"

தலைவர் யோசித்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

"எங்கப்பா காலத்துல ஒரு தடவ நடந்திருக்கு. வாழத் தண்ட ஆளாட்டம் கட்டி வெச்சு மூடுனாங்க."

"அப்படியென்றால் வாழை எங்கே இருக்கிறது?" என்று நோனா எழுந்தார்.

இளைஞர்கள் ஓடினார்கள். ஆள் உயரத் தண்டு வந்தது. அதைச் சும்மா வெள்ளைத் துணியில் சுருட்டப் போனார்கள். எனக்குப் பொறுக்குமா? "தள்ளுங்க, நான் தைக்கிறேன்" என்று கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துவிட்டேன். கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் பிடித்துத் தைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வழவழப்பான ஆளை நான் உடுத்தியதில்லை. தலைவரே கிட்ட வந்து பார்த்து, "தங்கச்சி, மாரிமுத்து அண்ணன விட லட்சணமா இருக்காரு" என்றார். அழுது வீங்கிய முகங்களில் சிரிப்பு வந்தது. குழியில் இறக்குமுன் நோனா அந்த வாழைத் தண்டைப் பார்த்துக் கைகூப்பி, "மாத்தயா, போய்ட்டு வாங்க" என்றார். அதற்கப்புறம் தலைவரால் நோனாவிடம் எதையும் மறுக்க முடியவில்லை.

ஒன்றைத் தவிர. "தப்பு அடிக்காம எங்க சனம் ஒரு அடி எடுத்து வைக்காது." தப்பு எங்கள் சாவு மேளம். மயானத்துக்குள் மேளம் கூடாதென்று கப்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். நோனா முற்றத்தில் நின்றே போனில் பேசினார். வாசற்கதவு வரைக்கும் தப்பு, கதவுக்கு உள்ளே பியூகிள். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது.

மறுநாள் தோட்டத்தில் அரை நாளோடு வேலை நின்றது. எங்கள் ஊர்தியில் பெட்டி ஏறியது. சனம் பஸ் பிடித்தது, லொறியிலும் ஏறியது. அஞ்சலை வருவாரா மாட்டாரா என்று பாக்கியத்தின் கண் லயத்துப் பக்கமே இருந்தது. பஸ் உறுமத் தொடங்கிய பிறகு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அஞ்சலை வந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டார். நான் முன் சீட்டிலிருந்து எழுந்து பின்னால் பார்த்தேன், பஸ் நிறைந்திருந்தது. நெஞ்சு நிறைந்துபோனது எனக்கு.

மயான வாசலில் தப்பு அடித்தார்களே, அதை நான் எப்படி எழுதுவது! மலையே திரும்பி அடித்தது. ஆறு வீரர்களும் விறைத்து நிற்கிறார்கள், ஆனால் ஒருவருடைய கால் சப்பாத்தின் நுனி மட்டும் தாளத்துக்குத் துடிக்கிறது. நான் பார்த்துவிட்டேன். பெட்டி கதவைத் தாண்டியது, தப்பு சட்டென்று நின்றது. மழைத் தூறல் சத்தம் மட்டும். வாய்க்கரிசி போட்டார்கள். பிள்ளையில்லாத மாரிமுத்துவுக்குத் தலைவர் ராமையாவே தோளில் குடம் சுமந்து, சுற்றி வந்து உடைத்தார். முந்தின நாள் மம்பட்டியோடு நின்ற அதே ஆள். பியூகிள் ஊதியது. எங்கள் சனம் அந்தச் சத்தத்தை முன்பின் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டு நின்றன.

எல்லாம் சரியாக முடிந்தது என்று நான் நோனாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்தக் கணத்தில்தான் வினை வந்தது.

வீரர்கள் கொடியைத் தூக்கி மடித்தார்கள். கப்டன் அதை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, வெள்ளைக் கையுறையோடு பாக்கியத்தின் முன் வந்து நின்றார். பாக்கியம் கையை நீட்டினார்.

"அய்யோ மதினி, தொடாதீங்க!" அஞ்சலை கத்தினார். "பொணத்து மேல போட்ட துணி! அது வாசப்படி ஏறக்கூடாது!"

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிணத்தின் மேல் போட்ட கோடித் துணி குழியோடு போய்விடும், இல்லையென்றால் சலவைக்காரர் எடுத்துக்கொள்வார். வீட்டுக்குத் திரும்பி வராது, வந்தால் பின்னாலேயே இன்னொரு சாவும் வரும் என்று பயம். பின்னால் நின்ற பெண்களெல்லாம், "ஆமா ஆமா, வேணாம்" என்று முனகிக்கொண்டே ஒரு எட்டுப் பின்வாங்கினார்கள். பாக்கியத்தின் கை பாதியில் நின்றது.

வீரர்களுக்கும் கப்டனுக்கும் தமிழ் தெரியாது. அவர்கள் கண்டது இவ்வளவுதான். நாட்டின் கொடியை நீட்டினார்கள், ஒரு தமிழ்ப் பெண் கத்தினாள், கூட்டம் விலகியது, மனைவி வாங்கவில்லை. இந்த நாட்டில் அந்தக் காட்சிக்கு வேறென்ன அர்த்தம் எடுப்பார்கள்? கப்டனின் காது சிவந்தது. பியூகிள்காரர் முகம் இறுகியது. கூட்டத்தில் ஒருவர் போனைத் தூக்கி வீடியோ பிடித்துக்கொண்டிருந்தார். அது இரவுக்குள் எங்கெல்லாம் போகுமோ! சனத்தைக் கூட்டி வந்தோம், ஆமியையும் கூட்டி வந்தோம், இப்போது இரண்டும் மாரிமுத்துவின் பெட்டிக்கு இரு பக்கமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

நான் ஓடினேன். நோனா பிடித்து நிறுத்துவதற்குள் கப்டனுக்கு முன்னால் நின்று சிங்களத்தில் கொட்டினேன். "சேர், கொடிய வேணாம்னு சொல்லல சேர்! செத்தவங்க மேல இருந்த துணி எதுவும் எங்க வீட்டுக்குள்ள போகாது. எங்கப்பாவோட பட்டு வேட்டின்னாலும் போகாது. பயத்துல கத்துறாங்க, வெறுப்புல இல்ல."

கப்டன் என்னைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். கைகள் நீட்டியபடியே இருந்தன. "அப்படியென்றால் நான் என்ன செய்வது?" என்று மெதுவாகக் கேட்டார். பாவம், சின்ன வயது. "குழியில் போட எனக்கு அனுமதி இல்லை. திருப்பிக் கொண்டு போகவும் முடியாது, இது இனி அவர்களுடையது."

 

பாக்கியம் பேசினார். கப்டனை மகனே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, "புதா, இங்கே தண்ணி எங்கே இருக்கு?" என்று கேட்டார். பிறகு திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"இது கோடித் துணி இல்ல அஞ்சலை. இது ஒங்க அண்ணனோட உடுப்பு. அவரு காக்கிய இத்தன வருசமும் தொவச்சது நாந்தான். இதையும் தொவச்சு எடுத்துக்கிட்டுப் போறேன். தண்ணி பட்டாப் போதும்ல?"

அஞ்சலை தலைவரைத் திரும்பிப் பார்த்தார். தலைவர் ராமையாதான், "தொவச்சாத் தீட்டு இல்ல" என்றார்.

காவலாளியின் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. கப்டன் தயங்கினார். "தரையில் படக்கூடாது..." என்றார்.

நோனா இப்போதுதான் வாயைத் திறந்தார். "தண்ணி தரை இல்ல சேர். ஒரு பக்கம் நீங்க பிடிங்க."

கப்டன் கையுறையைக் கழற்றி இடுப்பு வாரில் செருகினார். ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியைப் பாக்கியம் பிடித்தார். குழாயைத் திறந்தது நான். சத்தியமாகச் சொல்கிறேன், என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய காரியம் அந்தக் குழாயைத் திறந்ததுதான். குளிர் தண்ணீர் கொடியிலிருந்த சிங்கத்தின் மேல் கொட்டி, பச்சைப் பட்டையில் ஓடி, காவிப் பட்டையில் வழிந்தது. இருவரும் கொடியை உயர்த்தியும் தாழ்த்தியும் மாறி மாறி அலசினார்கள். தரையில் ஒரு நூலும் படவில்லை. சுற்றி நின்ற சனமும் சிப்பாய்களும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். வீடியோ பிடித்தவர் பிடித்துக்கொண்டே இருந்தார். பிடிக்கட்டும், நன்றாகப் பிடிக்கட்டும் என்று நினைத்தேன்.

கப்டன் பழக்கத்தில் மறுபடியும் மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க புதா" என்றார் பாக்கியம். "ஈரத்தோட மடிச்சா பூசணம் பிடிக்கும்."

ஆறு வீரர்களும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! கப்டன் அடக்கவில்லை, சிரித்தேவிட்டார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, ஈரக் கையாலேயே பாக்கியத்துக்கு சல்யூட் அடித்தார்.

பெட்டியை இறக்கி மண் போட்டு முடிந்ததும் பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். நோனாதான், "நீ போ, வீடு வரைக்கும் போ" என்று தள்ளிவிட்டார். பாக்கியம் பின் சீட்டில் நடுவில் உட்கார்ந்து கொடியை மடியில் விரித்தார். அது ஒரு மடிக்குள் அடங்குகிற கொடியா? இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் மடியில் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பக்கம் அது நீண்டு, ஜன்னலோரம் இருந்த அஞ்சலையின் மடி வரை போனது. அஞ்சலை கைகளைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஈரம் சேலையில் இறங்குகிறது, அவர் தொடவில்லை.  

லிந்துலை தாண்டி ஒரு பெரிய வளைவு. டிரைவர் வேகமாக ஒடித்தார். நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம், கொடி வழுக்கித் தரைக்கு இறங்கியது. அஞ்சலை குனிந்து இரண்டு கையாலும் அதை அள்ளிப் பிடித்தார்.

"டிரைவர் தம்பி, பாத்து ஓட்டுங்க!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினார். "எங்கண்ணன் உடுப்பு கீழ விழுந்துரும்!"

டயகம வரும்வரை அவர் அந்த நுனியை விடவில்லை.